போர்க்களப் பேய் வரையும் பிள்ளைக்கு என்ன படிப்பு?

ஆச்சி, பிளஸ் டூ படிக்கும் தம்பி நோட்டு நிறையச் செத்த சிப்பாய்களை எழுப்பிச் சண்டை போட விடுகிறான், புத்தி கெட்டுப்போச்சோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். புண்பட்ட கணவனைப் பேய் அண்டாமல் மனைவி காப்பதைத் தொல்காப்பியம் ஒரு துறையாகவே, அதாவது பாட்டுக்கு உரிய பொருளாகவே, வைத்திருக்கிறது. புறநானூற்றின் 281-ஆம் பாட்டில் அதற்காகத்தான் வீட்டில் இரவ மரத் தழையும் வேம்பும் செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை போடுகிறார்கள்.

கவலை வேறு இடத்தில். தம்பி வரைவது திரையில் பார்த்த ஸோம்பி. கடிக்கும், துரத்தும், அவ்வளவுதான். உரையோடு ஒரு கலிங்கத்துப்பரணி வாங்கிக் கொடுங்கள். முதலில் 'களம் பாடியது' பகுதி மட்டும் படித்தால் போதும். அங்கே பேய்கள் சண்டை போடுவதில்லை. பசியோடு காத்திருந்து, போர் முடிந்ததும் கூழ் காய்ச்சுகின்றன: வீரர்களின் பல் அரிசி, கேடயம் சுளகு, குருதி உலைநீர். குருட்டுப் பேய், ஊமைப் பேய், சூல்கொண்ட பேய் என்று ஒவ்வொன்றும் தனி ஆள். டிசைன் படிப்புக்கு வேண்டியது இந்த வேறுபாடுதான். ஒரே முகத்தை இருபது தரம் வரைந்தால் அது கைப்பழக்கம் மட்டுமே.

அடுத்த குறை உடற்கூறு. சதை போன உடம்பை வரைய, சதை இருந்த உடம்பு தெரிய வேண்டும். தோளும் இடுப்பும் பிசகினால் பேய் பொம்மையாகிவிடும். தினமும் வீட்டு ஆட்களை வைத்து இரண்டு நிமிடப் படம் பத்து வரையட்டும். சனிக்கிழமை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அண்டா, உருளி, உலக்கை பார்த்து வரையட்டும். பரணியின் அடுப்படிக்கு அவைதான் பாத்திரம். மருது பாண்டியர் போன்ற உண்மை வீரர்களைப் பேயாக்க வேண்டாம். 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டவர்களை இந்தச் சீமை இன்றும் கும்பிடுகிறது. கற்பனை வீரனே போதும்.

அனிமேஷன் ஆசை என்றால் கணக்கைச் சொல்லிவிடுங்கள். ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் பத்து விநாடிக்கு 120 படம். அதை ஒரு முறை முழுசாய் முடித்துப் பார்த்தால், இந்த வேலை அவனுக்கு ஒத்துவருமா என்று அவனுக்கே தெரியும்.

வரைவதைவிடக் கதை எழுதத்தான் கை ஓடுகிறது என்றால் தமிழ் இலக்கியம் படிக்கட்டும். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது.

வரைகலைக்கு வழி மூன்று: ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் டிசைன் பட்டப்படிப்புக்கான யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வு, தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் (NID) தேர்வு, சென்னை அல்லது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி. யூசீட் எழுத எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தாலும் சரி. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம். விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் வாக்கில், தேர்வு ஜனவரியில். பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த வருடம் போய்விடும்.