பிளாற்றில் தண்ணீர் கட்டிப் பார்க்கும் செலவை வெட்டலாமா?

கேள்வி: பரந்தனில் வாடகைக்கு விடுவதற்காக 1,000 சதுர அடியில் கடை கட்டுகிறேன். கூரைக்குக் கொங்கிறீற் பிளாற் போட்டாச்சு. பாதி வங்கிக் கடன், மீதி கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய காசு. தண்ணீர் புகாமல் தடுக்கும் வோட்டர்புறூவ் பூச்சு அடித்தபின் தண்ணீர் கட்டி ஒழுக்குப் பார்க்க 28,000 ரூபா, அதன்மேல் சாந்து போட்டு ரைல்ஸ் பதிக்க 420,000 ரூபா என்று ஒப்பந்தக்காரர் கணக்குத் தந்தார். காசு முட்டு என்றதும், "பூச்சு நல்லது, தண்ணீர் கட்டுற செலவை வெட்டுவம்" என்கிறார். வெட்டலாமா?

பதில்: அதை வெட்டாதீர்கள். காசு முட்டென்றால் ரைல்ஸைத் தள்ளிப்போடுங்கள்.

ரைல்ஸ் பதித்தபின் ஒழுகினால், சொட்டும் இடத்துக்கு நேர்மேலே மட்டும் கிளறி அடைத்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது நடப்பதில்லை. ஒரு மூலையில் பூச்சைத் தாண்டிய தண்ணீர் சாந்துக்குள்ளால் ஓடி, எங்கோ வயர்க் குழாய் வழியாகவோ விசிறிக் கொழுக்கியடியிலோ இறங்கும். ஓட்டை தெரியாததால் பெரும்பகுதியை உடைக்க வேண்டி வரும். உடைத்த ரைல்ஸ் திரும்ப உதவாது. முழுவதையும் உடைக்க வந்தால் மறுபடி அதே 420,000; உடைத்து அள்ளிப் பூச்சைத் திருத்த 140,000 என்று வைப்போம். மொத்தம் 560,000. நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கும் 28,000 இதில் இருபதில் ஒரு பங்கு. அதாவது, இப்படியான இருபது பிளாற்றில் ஒன்று ஒழுகினாலே மிச்சமும் நட்டமும் சரிக்குச் சரி. வாடகை நின்றுபோகும் மாதங்களிலும் வங்கித் தவணை நிற்காது. அது இந்தக் கணக்கில் சேரவில்லை. கம்பி துருப்பிடிப்பதும் சேரவில்லை. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அடிப்பக்கக் கொங்கிறீற்றைப் பிளந்து விழுத்தும்.

பிளாற் போட்டு 28 நாள் கழிந்து, அதைத் தாங்கிய முட்டுக் கம்புகள் எடுத்து, பூச்சும் காய்ந்தபின் தண்ணீர் கட்டுங்கள். அடிப்பக்கத்துக்குப் பெயின்ற் அடிக்க முதல் இது முடிய வேண்டும். மழை குறைந்த சோளகக் காலம் நல்லது. மாரி தொடங்கினால் ஈரக் கொங்கிறீற்றில் பல பூச்சுகள் பிடிக்காது, திருத்துவதும் கடினம்.

முழுப் பிளாற்றிலும் ஒரே தடவையில் கட்ட வேண்டாம். 100க்கு 1 சரிவு என்றால் 30 அடி நீளத்தில் மூன்றரை அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழும். மேட்டில் ஓர் அங்குலம் நிற்க, பள்ளத்தில் நாலரை அங்குலம் நிற்கும். வீண் பாரம். நடுவில், பூச்சுக்குச் சேதம் வராமல், பொலித்தீன் விரித்து மணல் மூட்டைகளால் வரம்பு கட்டி மேல்பாதியை முதலில் பாருங்கள். மேட்டில் ஓர் அங்குலம், வரம்படியில் ஏறத்தாழ இரண்டே முக்கால். இதற்கு 2,300 லீற்றர் அளவில் போதும். பிறகு அதே தண்ணீரைக் கீழ்ப்பாதிக்குத் திறந்துவிட்டால் இரண்டாம் முறை தண்ணீர் பவுசர் கூப்பிடத் தேவையில்லை. மழைத்தண்ணீர் இறங்கும் பீலி வாய்களை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். மழை வந்தால் உடனே திறக்க ஆள் இருக்க வேண்டும்.

நீர்மட்டத்தைக் கைப்பிடிச் சுவரில் கோடு போட்டுக் குறியுங்கள். பக்கத்தில் நேர்ச்சுவருள்ள ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்துக் குறியுங்கள். சோளகக் காற்றில் இரண்டிலும் வற்றும். வாளியைவிடப் பிளாற்றில் கூடுதலாக இறங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். 24 மணி நேரம் கழிந்து ஒருமுறை, 48 மணி நேரம் கழிந்து ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கீழே தூண் தலைகள், வயர்க் குழாய்கள், பீலி இறங்கும் இடங்களை வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீரைத் திறந்துவிடும்போதும் பீலி பொருந்தும் இடத்தைப் பாருங்கள். அடைத்திருக்கையில் காட்டாத ஒழுக்கு ஓடும்போது காட்டும்.

தேங்கிய தண்ணீர் எட்டாத இடமும் உண்டு: பூச்சு சுவரில் ஏறி முடியும் விளிம்பு. அது ரைல்ஸ் மட்டத்துக்கு மேல் ஆறு அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். வாடைக் காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை புகுவது பெரும்பாலும் அங்கேதான். குழாயால் கீழிருந்து மேலாக, ஓரிடத்துக்கு 15 நிமிடம் அடித்துப் பாருங்கள்.

காசு கைமாற முதல் மூன்று விடயங்களை எழுத்தில் வையுங்கள். பூச்சுக்குரிய தவணை, தண்ணீர் கட்டி ஒழுகாமல் நின்ற பிறகே கொடுபடும். ஒழுகினால் திருத்தமும் மறுமுறைத் தண்ணீரும் அவர் செலவு. மொத்தக் கூலியில் 10 சதவீதம் இந்த மாரி முடிந்து, தை மாதத்தில் கொடுபடும். பூச்சுக் கம்பனியின் உத்தரவாதக் கடதாசியை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பொருளுக்குத்தான், அடித்த வேலைக்கு அல்ல.

ரைல்ஸைத் தள்ளிப்போட்டால் 420,000 உங்கள் கையில் நிற்கும். ஆனால் உங்கள் பூச்சு எந்த வகை என்று கேளுங்கள். கறுப்புத் தார் விரிப்பென்றால் வெயில் தின்றுவிடும், சரிவு கெடாமல் மெல்லிய சீமெந்துச் சாந்தாவது போட்டு மூட வேண்டும். வெயில் தாங்கும் பூச்சென்றால் ஒரு மாரி அப்படியே விடலாம். தை பிறந்ததும் அடிப்பக்கத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டு ரைல்ஸுக்கு ஓடர் கொடுங்கள்.