மூளைக்குப் பரவுன மெலனோமா (ஒரு வகை தோல் புற்றுநோய்), வழி இருக்கா?

கேள்வி: அப்பாவுக்கு மெலனோமா, இப்போ மூளைல மூணு சின்ன கட்டின்னு ஸ்கேன்ல வந்திருக்கு. இனிமே ஒண்ணுமே பண்ண முடியாதா டாக்டர்?

பதில்: அப்படி முடிவு கட்டிடாதீங்கம்மா. இப்பிலிமுமாப், நிவோலுமாப் ரெண்டையும் சேர்த்துக் குடுக்குற இம்யூனோதெரபில (உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோயத் தாக்க வைக்கிற சிகிச்சை), 2018ல வந்த ஆய்வுப்படி, தலைவலி வலிப்புன்னு அறிகுறி எதுவும் இல்லாதவங்கள்ல பாதிக்கு மேல மூளைக் கட்டி சுருங்குச்சு, இல்லன்னா மாசக்கணக்கா வளராம நின்னுச்சு. கட்டில பிராஃப் (BRAF) ஜீன் மாறியிருக்கான்னு பாக்குற டெஸ்ட் கண்டிப்பா எடுங்க, மாற்றம் இருந்தா டாப்ராஃபெனிப், ட்ராமெடினிப் மாத்திரை சீக்கிரம் வேலை செய்யும், ஆனா பலன் பல பேருக்கு சில மாசத்துல குறைஞ்சிடுது, அதான் பெரும்பாலும் இம்யூனோதெரபியவே முதல்ல குடுக்குறாங்க. சின்ன கட்டிங்கிறதால ரேடியோசர்ஜரி (கத்தி வைக்காம, கட்டி மேல மட்டும் குறி வச்சுக் குடுக்குற கதிர்வீச்சு) பத்தியும் கேளுங்க. மூளை வீக்கத்தக் குறைக்கக் குடுக்குற ஸ்டீராய்டு அதிகமா போனா இம்யூனோதெரபி பலன் குறையலாம், அதுக்காக நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட பேசி படிப்படியாத்தான் குறைக்கணும்.