கேளுங்கள்: கல்லூரிப் பக்கம்

கே: பொறியியல் படிப்புக்கு 4 லட்சம் கல்விக் கடன். வருடத்துக்கு 1 லட்சமாகக் கல்லூரிக்குப் போகிறது. வேலை கிடைக்கும்வரை எதுவும் கட்ட வேண்டாம் என்கிறார் அப்பா. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதைக் கடனுக்குக் கட்டலாமா?
- மாணவி, திண்டுக்கல்

ப: கட்ட வேண்டாம் என்பது தவணைக்குத்தான் பொருந்தும். வட்டி, பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே ஓடுகிறது. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு 4 வருடம், அதன் பிறகு 1 வருடம் அவகாசம். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி 50,000, இரண்டாவதற்கு 4 வருட வட்டி 40,000, அடுத்து 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. தனிவட்டிதான், ஆனாலும் மொத்தம் 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும்போது 5.4 லட்சத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும்: 10 வருடத்துக்கு மாதம் சுமார் 7,136 ரூபாய்.

முதல் வருட வட்டி மாதம் 833 ரூபாய்தான். உங்களுக்கு வரும் ஆயிரத்துக்குள் அது அடங்கிவிடும். படிப்பு முடியும்வரை அந்த 833-ஐ மட்டும் கட்டி வந்தாலே பின்னால் தவணையில் மாதம் 520 ரூபாய்க்கு மேல் குறையும். உதவித்தொகை உங்கள் சேமிப்புக் கணக்குக்குத்தான் வரும், கடன் கணக்குக்குத் தானாகப் போகாது. மாதாமாதம் மாற்றச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுங்கள். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்குச் சில வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

ஒன்று மட்டும்: மெஸ் பில்லை பாக்கி வைத்து வட்டி கட்டாதீர்கள். பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தால் நஷ்டம் பல மடங்கு.

கே: ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது. விடுதி முகவரிக்கு மாற்றலாமா?
- மாணவர், கோவை

ப: மாற்றலாம். படிவம் 8 கொடுங்கள், விடுதியில் தங்கியிருப்பதற்குக் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும். பலர் படிவம் 6-ஐப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். அது முதன்முறை சேர்பவர்களுக்கு. வேறெங்கும் பெயர் இல்லை என்று அதில் பொய்யாக உறுதி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. மாற்றும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6, 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19. ஏப்ரலில் நீங்கள் எங்கே இருப்பீர்களோ அங்கே ஓட்டு இருப்பதே நல்லது.

கே: புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயை ‘இலவசம்’ என்று சொல்லி அறையில் தினமும் சண்டை. என்ன பதில் சொல்வது?
- மாணவி, திருநெல்வேலி

ப: இரண்டு வாதங்களைப் பிரித்துப் பேசுங்கள். இந்தப் பணத்தைக் கொடுக்கலாமா என்பது ஒன்று, கொடுத்ததால் பலன் வந்ததா என்பது வேறு. முதலாவதற்கு வரலாறு உதவும்: முன்பு ஏழைப் பெண்களின் திருமணத்துக்குத் தங்கமும் ரொக்கமும் தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைத்தான் 2022-இல் கல்லூரிப் படிப்புக்கான உதவியாக மாற்றினார்கள். இரண்டாவதற்குச் சமூக நலத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள், துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைப்பது. யாராவது ஒரு தொகையைச் சொன்னால், அது வருடத் தொடக்கத்தில் போட்ட வரவு செலவுத் திட்ட மதிப்பீடா, பிறகு மாற்றிய திருத்திய மதிப்பீடா, உண்மையில் செலவான கணக்கா என்று கேளுங்கள். மூன்றும் வேறு வேறு எண்கள், பாதிச் சண்டை அங்கேதான். ‘உதவி இல்லாவிட்டாலும் இவர்கள் கல்லூரிக்குப் போயிருப்பார்களே’ என்று தோழி கேட்டால் மடக்கப் பார்க்காதீர்கள். அது நியாயமான கேள்வி. திட்டத்துக்கு முன்னும் பின்னும் உங்கள் பள்ளியிலிருந்து எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு, அந்த எண்ணோடு அறைக்குத் திரும்புங்கள்.