உங்கள் மகள் கயிற்றில் போட்ட முடிச்சுகள்

அம்மா, போன செவ்வாய்க்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் மகளை அழைத்துக்கொண்டு மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க ரோஸ்ஹில்லுக்கு என்னைப் பார்க்க வந்தபோது, முதல் பத்து நிமிடம் நான் ஆறுதல்தான் சொன்னேன். மதிப்பெண் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் உங்கள் கணவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். வெளிநாட்டில் ஐந்து வருட மருத்துவப் படிப்புக்கு 40 லட்சம் ரூபாய். அதற்கு நேரே, வீட்டை வைத்து வங்கியில் வாங்கக்கூடிய தொகை. அதைப் பார்த்த பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரம் போதாமல் பாதியில் நின்ற பேச்சை, நீங்கள் சம்மதித்ததால், மற்றப் பெற்றோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கடனை வாங்காதீர்கள். உங்கள் மகளுக்கு ஏற்றது மருத்துவம் இல்லை, கடலை அளக்கும் தொழில்.

மருத்துவம் நல்ல தொழில். உங்கள் மகள் அதைக் கேட்டிருந்தால், பணத்துக்கு வழி தேடுவதில் நானே உங்களோடு அலைந்திருப்பேன். ஆனால் கேட்டது அவள் இல்லை. காவடி முடிந்த அன்று கோயிலில் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, இலையை மடிப்பதற்குள் பெரியம்மாவும் லண்டன் மாமாவும் சேர்ந்து அவளை டாக்டராக்கிவிட்டார்கள் என்று நீங்களேதான் சொன்னீர்கள். பெரியம்மா தவணை கட்டப்போவதில்லை. படித்துத் திரும்பிய பிறகு பயிற்சி இடத்துக்காக வீட்டில் காத்திருக்கும் இளம் டாக்டர்கள் நம் மொரிஷியஸ் தீவில் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு மாதங்களுக்கும் வட்டி ஓடும். வங்கி உங்கள் மகளின் வெள்ளைக் கோட்டைப் பார்க்காது, உங்கள் வீட்டுப் பத்திரத்தைத்தான் பார்க்கும்.

பணத்தைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. மருத்துவமனை, நோயாளி, உடற்கூறு என்று நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். கடைசியாக எதைப் பற்றி இரவு தூங்காமல் தேடிப் படித்தாய் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். லெ மோர்ன் மலைக்கு அருகே, ஹெலிகாப்டரில் போகும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்களே, "கடலுக்கடியில் அருவி" என்று, அது அருவியே இல்லையாம். மணலும் வண்டலும் நீரோட்டத்தில் திட்டின் விளிம்பைத் தாண்டிச் சரிவது மேலிருந்து பார்க்க அப்படித் தெரிகிறதாம். அதைச் சொல்லிவிட்டு அவளே கேட்டாள்: "அந்த மணல் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது? யாராவது அளந்திருக்கிறார்களா?"

உங்கள் கணவர் அப்போது, "தண்ணீரைப் பற்றி என்ன படிப்பு இருக்கிறது?" என்றார். கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்டார். அதனால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

பூமியில் உள்ள தண்ணீர் முழுவதையும் 100 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 96 லிட்டருக்கும் மேல் கடல். நல்ல தண்ணீர் இரண்டரை லிட்டர்தான், அதிலும் பெரும்பங்கு துருவப் பனியாக உறைந்து கிடக்கிறது. நிலத்தடியில் நல்ல தண்ணீர் முக்கால் லிட்டர். உலகின் நன்னீர் ஏரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதல். ஆறுகள்? நான்கைந்து துளி. மார் ஓ வக்வாஸ் நீர்த்தேக்கம் வற்றும்போது நாம் மாடித் தொட்டியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறோமே, அந்தத் தவிப்பெல்லாம் அந்த டீஸ்பூனுக்கும் முக்கால் லிட்டருக்கும்தான். இது போக, பிரேசிலில் கிடைத்த ஒரு சின்ன வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்துணுக்கு இருப்பதாக 2014-ல் அறிவித்தார்கள். சுமார் 520 முதல் 660 கிலோமீட்டர் வரை ஆழத்தில் உருவாகும் கனிமம் அது. அதன் எடையில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு நீர் கட்டுண்டு இருந்தது. நம் காலுக்கடியில் பாறைக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு என்று இன்னும் முடிவாகவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே வாருங்கள். மொரிஷியஸின் எரிமலைப் பாறைகளில் மிகப் பழையதற்கே வயது ஏறத்தாழ 90 லட்சம் வருடம்தான். ஆனால் அந்தப் பாறைக்குள் 300 கோடி வருடப் பழைய சிர்கான் என்ற கனிமத்தின் துகள்கள் இருப்பதாக, தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆஷ்வாலும் அவர் குழுவினரும் 2017-ல் அறிவித்தார்கள். அதாவது நமக்குக் கீழே ஒரு பழைய கண்டத்தின் துண்டு புதைந்து கிடக்கிறது. நம் ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே, சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் பீறிடும் வாய்களின் ஓரத்தில், 2001-ல் ஒரு நத்தையைக் கண்டார்கள். காலில் செதில் செதிலாக இரும்புச் சல்பைடு கவசம். உங்கள் மகளுக்கு அந்த நத்தையை ஏற்கெனவே தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.

சரி, இதிலெல்லாம் சோறு கிடைக்குமா? நியாயமான கேள்வி. கணக்கியல், கணினி, சட்டம், ஹோட்டல் நிர்வாகம் பற்றி நான் பேசப்போவதில்லை, அதைச் சொல்ல உங்களுக்கு ஆயிரம் பேர் உண்டு. நான் சொல்ல வந்தது ஹைட்ரோகிராபி. கடலின் ஆழத்தையும் அடித்தரையையும் அளந்து, கப்பல்கள் நம்பிப் போகக்கூடிய வரைபடமாக்கும் தொழில்.

நம் நிலப்பரப்பு 2,040 சதுர கிலோமீட்டர். நம் கையில் உள்ள கடல் சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர், நிலத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அது போதாதென்று செஷெல்ஸோடு சேர்ந்து நிர்வகிக்கும் மஸ்கரீன் மேடை 3,96,000 சதுர கிலோமீட்டர். உலகக் கடலடியில் நவீனக் கருவிகளால் அளக்கப்பட்டது, 2025 ஜூன் கணக்கின்படி, 27.3 சதவீதம்தான். மீதி எல்லாம் செயற்கைக்கோள் கடலின் மேல்மட்ட மேடுபள்ளத்தைப் பார்த்துக் கணித்த உத்தேசம். செயின்ட் பிராண்டன் தீவுகளுக்கு இந்தியக் கடற்படைக் கப்பல் அளந்து தயாரித்த வரைபடம் நம் அரசின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். இவ்வளவு பெரிய கடலை வைத்துக்கொண்டு அளக்க வெளியாரை எதிர்பார்க்கிறோம்.

சரியான வரைபடம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மாஹேபுர்க்காரர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூலை 25 இரவு வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி பவளத்திட்டில் ஏறியது. கைபேசிச் சிக்னல் கிடைக்கட்டும் என்று கரையை நெருங்கி வந்தார்கள். அந்தக் கரையின் ஆழத்தையும் தூரத்தையும் சரியாகக் காட்டும் அளவுள்ள வரைபடம் அவர்களிடம் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள். சுமார் ஆயிரம் டன் எண்ணெய், திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத கடலான லகூனில் கலந்தது. கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து மிதவை தைத்த அந்த நாட்களில் உங்கள் மகள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தாளாம். அவளே சொன்னாள். இந்த ஆர்வம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, ஒரு பாதி அங்கிருந்து வந்திருக்கலாம்.

வேலை எப்படி நடக்கும் என்றால், கப்பலின் அடியில் உள்ள மல்டிபீம் கருவி ஒலியை விசிறி போல் நூற்றுக்கணக்கான கதிர்களாகக் கீழே அனுப்பும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். 4,000 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஐந்து நொடிக்கு மேல். கேட்க எளிது. ஆனால் நீரின் வெப்பமும் உப்பும் அழுத்தமும் மாறினால் ஒலியின் வேகமும் மாறும். அதற்காக அவ்வப்போது ஒரு கருவியைக் கயிற்றில் இறக்கி நீரைச் சோதிக்க வேண்டும். கப்பல் ஆடும் ஆட்டத்தைக் கழிக்க வேண்டும். ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறியதா இறங்கியதா என்று பார்த்து ஆழத்தைத் திருத்த வேண்டும். பத்து சென்டிமீட்டர் பிசகினாலும் பொறுக்காத மனம் இதற்கு வேண்டும்.

அந்த மனம் அவளுக்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அன்று ஒரு வேலை கொடுத்தனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் படகில் போய் லகூனில் பன்னிரண்டு இடத்தில் ஆழம் பார்த்து வா என்றேன். அவள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். தூண்டில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டியிருக்கிறாள். முதலில் பாகக் கணக்கில், அதாவது இரு கையும் விரித்த நீளத்துக்கு ஒரு முடிச்சு. அது போதாது என்று இடையில் சாணுக்கு ஒரு சிவப்பு நூல். இடம் மாறாமலிருக்கக் கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள கூரையையும் ஒரே கோட்டில் வைத்துப் படகை நிறுத்தியிருக்கிறாள். காலையில் அளந்த இடங்களை மத்தியானம் மறுபடி அளந்தால் பன்னிரண்டிலும் ஒரு சாண் வித்தியாசம். தாத்தா படகை நகர்த்திவிட்டார் என்று முதலில் அவரோடு சண்டை. அப்புறம், எல்லா இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் வருகிறதே என்று யோசித்து, துறையில் ஒரு கம்பை நட்டு, கோடு போட்டு, அரை மணிக்கு ஒருதரம் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டே மறுபடி அளந்து, அந்தக் கணக்கால் அளவுகளைத் திருத்தியிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. துறைமுகங்களில் ஓதமானி வைத்துச் செய்யும் அதே வேலை. இருபது வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன், அந்தப் பக்கத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி செலவு. நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் முழுநேர முதல் பட்டத்துக்கு 2019 முதல் கல்விக் கட்டணம் இல்லை. இயற்பியல், கணிதம், கட்டுமானப் பொறியியல், இவற்றில் ஒன்றை இங்கேயே, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் படிக்கட்டும். அதன் பிறகுதான் தொழிற்பயிற்சி. உலகம் முழுதும் இதற்கு இரண்டு தரம் உண்டு, ஏ பிரிவு, பி பிரிவு. சர்வதேச நீரளவை அமைப்பும் நிலஅளவையாளர், வரைபடவியலாளர் சங்கங்களும் சேர்ந்து அங்கீகரிப்பவை. இந்தியக் கடற்படை கோவாவில் நடத்தும் தேசிய ஹைட்ரோகிராபி நிறுவனத்தில் இரண்டும் உண்டு, வெளிநாட்டு மாணவர்களும் அங்கே பயில்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2004 முதல் ஒரு வருடக் கடலடி வரைபடப் படிப்பு நடக்கிறது, தேர்வாகும் ஒரு சிலருக்கு ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை செலவை ஏற்கிறது. அங்கே படித்தவர்கள் அணியாகச் சேர்ந்து, ஆளில்லாமல் கடலடியை அளக்கும் எக்ஸ்பிரைஸ் போட்டியில் 2019-ல் முதல் பரிசு வாங்கினார்கள். ஏ அல்லது பி முத்திரை இல்லாத எந்த ஹைட்ரோகிராபி படிப்புக்கும், எந்த ஏஜென்ட் எவ்வளவு இனிக்கப் பேசினாலும், ஒரு ரூபாய் கட்டாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நம் தீவுக்குள் இந்த வேலையிடங்கள் குறைவு. அரசின் ஹைட்ரோகிராபி பிரிவு, அல்பியோனில் உள்ள கடலாய்வு நிறுவனம், துறைமுகம், அவ்வளவுதான். பெரும்பாலான வேலை வெளியே, கப்பலில், வாரக்கணக்கில். ரோட்ரிக்ஸுக்கு 2019-ல் வந்த இணையக் கேபிள் போல எந்தக் கேபிளைப் போடுவதற்கு முன்பும் அதன் பாதை முழுதும் யாராவது அளந்தாக வேண்டும். காற்றாலை, துறைமுகத் தூர்வாரல் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அவளுக்குக் கடல் மயக்கம் வருகிறதா என்று இப்போதே பாருங்கள். லகூனில் இல்லை, திட்டைத் தாண்டி வெளியே.

"பொண்ணைத் தனியாகக் கப்பலில் அனுப்புவதா?" என்று நீங்கள் வாசலில் நின்று மெதுவாகக் கேட்டீர்கள். ஐந்து வருடம் வெளிநாட்டு விடுதிக்கு அனுப்பத் துணிந்த உங்களுக்கு இது மட்டும் ஏன் பயம், அம்மா? 1950-களில் மேரி தார்ப் என்ற பெண், ஆண்கள் கப்பலில் போய் அளந்துவந்த எண்களை வைத்து அட்லாண்டிக் கடலடியை வரைந்தார். அவரைக் கப்பலில் ஏற்றவில்லை. கடலடி மலைத்தொடரின் நடுவே பிளவு ஓடுகிறது என்று அவர் காட்டியபோது, கூட வேலை செய்தவரே அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார். பிளவு இருந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஏற்க அதுவும் ஒரு காரணம். உங்கள் மகளுக்கு முன்னால் இன்று அந்தக் கப்பல் கதவு திறந்திருக்கிறது. அதை நீங்கள் சாத்தாதீர்கள்.

மேல்நிலைப் படிப்புக்கான எச்.எஸ்.சி. பாடத்தேர்வுப் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்குப் போக வேண்டும். கணிதமும் இயற்பியலும் கட்டாயம். மூன்றாவது புவியியலா வேதியியலா என்பதை அவளே நிரப்பட்டும், நீங்கள் பேனாவை எடுக்க வேண்டாம். மாமா போன் செய்தால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை திட்டின் ஓரத்தில் அளக்கப்போகிறாளாம். தாத்தா துடுப்பைப் பிடிப்பார், அவள் நோட்டில் எழுதுவாள், கயிறு பிடிக்க ஆள் இல்லை. உங்கள் கணவரை அனுப்புங்கள்.