62-லேயே சோஷியல் செக்யூரிட்டி வாங்கலாமா?

வணக்கம் ஐயா. 62 முடிந்துவிட்டது, வேலையையும் விட்டாயிற்று, 67 வயதில் அமெரிக்க அரசின் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி மாதம் 2,000 டாலர் வரும், இப்போதே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவி ஆறு வயது இளையவர், சொந்தப் பென்ஷன் சொற்பம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது.

நீங்கள் 1960-க்குப் பிறகு பிறந்தவர், அதனால் முழுத் தொகை 67-இல்தான். இப்போதே விண்ணப்பித்தால் 1,400 டாலர். 70 வரை பொறுத்தால் 2,480. விலைவாசிக்கேற்ற உயர்வு இரண்டிலும் சேரும். எட்டு வருடம் விட்ட பணத்தை ஈடுகட்ட 80 தாண்ட வேண்டும். அவ்வளவு காலம் இருப்போமா என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். நானும் சமையலறை மேசையில் தாளை விரித்து அதையே யோசித்தேன். அப்புறம் என் பெயருக்குக் கீழே மனைவியின் வயதை எழுதியதும் கணக்கே மாறிவிட்டது. நமக்குப் பிறகு அவருக்கு வருவது இருவர் தொகையில் பெரியது மட்டும். நீங்கள் 62-இல் எடுத்தால், வாழ்க்கைத்துணைக்கான தனி விதிப்படி உங்கள் 1,400-ஐ விடச் சற்றுக் கூடி, அவருக்கு அதிகபட்சம் சுமார் 1,650. 70-இல் எடுத்தால் 2,480. அவர் 90-ஐத் தொட்டால்?

கைச்சேமிப்பு இருந்தால் அதை முதலில் செலவழியுங்கள். 70 முடியாவிட்டால் 67 வரையாவது. கடுமையான நோய் இருந்தால், அல்லது கையில் வேறு பணமே இல்லையென்றால், தயங்காமல் இப்போதே வாங்குங்கள், தப்பில்லை. வாங்கியபின் மனம் மாறினால் 12 மாதத்துக்குள் வாங்கியதைத் திருப்பிக் கட்டி விண்ணப்பத்தை ஒருமுறை திரும்பப் பெறலாம்.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சோஷியல் செக்யூரிட்டியை இன்னும் வாங்காமல் இருந்தால், 65-இல் நீங்களே பதிய வேண்டும்.