சட்டம் கேளுங்கள்: சாட்சி சொல்ல டாக்டர் கிடைக்கவில்லை

கேள்வி: சென்ற ஆவணியில் என் அம்மாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்தார்கள். பித்தநாளம் வெட்டுப்பட்டுவிட்டது. ஆறு நாள் வலியில் துடித்தார். "வாயுத் தொல்லை" என்றார்கள். கண் மஞ்சளான பிறகு மதுரைக்குக் கொண்டுபோய் மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. வழக்குப் போட வேறொரு சர்ஜனின் சாட்சியம் வேண்டும் என்கிறார் வக்கீல். எங்கள் ஊர் டாக்டர்கள் யாரும் சம்மதிக்கவில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் வக்கீல் சொன்னது சரிதான், தம்பி. வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்திருந்தால் நிபுணரே தேவையில்லை. அந்தத் துணியே சாட்சி. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மலேரியா நோயாளிக்கு டைபாய்டு மருந்து கொடுத்த வழக்கு அது. ஆனால் கைதேர்ந்த சர்ஜன் செய்தாலும் பித்தநாளத்தில் காயம் படுவது உண்டு. அதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது.

என் தொடக்க கால வழக்கொன்றில் ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒருவரைச் சாட்சியாகக் கொண்டுவந்தேன். "நானாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன்" என்றார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இப்படிச் செய்கிற நல்ல டாக்டர்களும் இருக்கிறார்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இருக்கிறார்கள்" என்றார் பேராசிரியர். தோற்றுப்போனோம். எங்களைத் தோற்கடித்தது, 1957இல் இங்கிலாந்தின் போலம் வழக்கில் வகுத்த அளவுகோல். 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. டாக்டர் ஆகச் சிறந்தவராக இருக்க வேண்டியதில்லை. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் செய்வதை அவர் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள்.

ஆகவே வெட்டுப்பட்டதை விட்டுவிட்டு, அந்த ஆறு நாளைப் பிடியுங்கள். ரத்தத்தில் பிலிருபின் (கண்ணை மஞ்சளாக்கும் பித்தநிறமி) பார்த்தார்களா? ஸ்கேன் எடுத்தார்களா? அம்மா வலி என்று சொன்ன நேரங்களை நர்ஸ் கேஸ் ஷீட்டில், அதாவது சிகிச்சைப் பதிவேட்டில், குறித்திருப்பார். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. மதுரை சர்ஜனின் அறுவைக் குறிப்பையும் வாங்குங்கள். உள்ளே எவ்வளவு பித்தநீர் தேங்கியிருந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

இந்தத் தாள்களோடு வெளிமாவட்டத்துப் பேராசிரியர் ஒருவரைப் பாருங்கள். "அந்த டாக்டர் மேல் தப்பா?" என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார். "இந்த வலிக்கு எத்தனையாவது நாள் ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். அப்படியும் யாரும் அமையாவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரி நிபுணர் குழுவின் கருத்தைப் பெறும்படி நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். புகார் கொடுக்க 2 ஆண்டுகள்தான் கெடு. கேஸ் ஷீட் கேட்டு இந்த வாரமே கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் அவர்களின் முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.