வரிசையில் நிற்கும் பாக்கெட்டுகள்: நெட்வொர்க் முதுநிலைப் படிப்பு பற்றிக் கேள்வி பதில்

தகவல் தொடர்பு நெட்வொர்க் பொறியியலில் முதுநிலை படிக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் இந்தப் படிப்பை முடித்துவிட்டு நெட்வொர்க் வடிவமைப்பில் வேலை பார்க்கிறவள். சொல்வதெல்லாம் அங்கே பட்டதும் இங்கே பார்த்ததும்தான்.

கேள்வி: அக்கா, நான் கணினி அறிவியல் படித்தவன். சிக்னல், ஆண்டெனா எதுவும் தெரியாது. இந்தப் படிப்பு மின்னணுவியல்காரர்களுக்குத்தான் என்கிறார்களே?

இந்தத் துறைக்கு இரண்டு வாசல் தம்பி. ஒன்று சிக்னல், பண்பேற்றம், பிழைதிருத்தக் குறியீடு வழியாக வருவது. இன்னொன்று ரவுட்டிங், நெரிசல் கட்டுப்பாடு, நெறிமுறைகள் வழியாக வருவது. எந்த வாசலில் வந்தாலும் முதல் செமஸ்டரில் மற்ற வாசல்காரர்களின் பாடம் இடறும். கணினிக்காரர்கள் ஃபூரியர் உருமாற்றத்தில் விழிப்பார்கள், மின்னணுவியல்காரர்கள் சாக்கெட் புரோகிராம் எழுதச் சொன்னால் விழிப்பார்கள். சமமாகவே திண்டாடுவதால் சீக்கிரம் நண்பர்களாகிவிடுவார்கள்.

சேருவதற்கு முன், ஒரு தடத்தில் அதிகபட்சம் எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று கிளாட் ஷேனன் என்ற கணிதவியலாளர் 1948இல் தந்த சூத்திரத்தை மட்டும் கையால் போட்டுப் பாருங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை, இரைச்சலைவிட 100 மடங்கு வலுவான சிக்னல் என்றால், பிழையில்லாமல் அனுப்பக்கூடிய உச்சம் விநாடிக்குச் சுமார் 133 மெகாபிட். இப்போது சிக்னலின் வலுவை இரட்டிப்பாக்குங்கள். வேகமும் இரட்டிப்பாகும் என்று தோன்றும். ஆனால் 153தான் வரும். ஏன் என்று லாகரிதம் சொல்லும். இது பிடிபட்டால் வயர்லெஸ் பாடத்தின் மீதிருக்கும் பயத்தில் பாதி போய்விடும்.

கேள்வி: கணக்கு எவ்வளவு தேவைப்படும்? நேர்மையாகச் சொல்லுங்கள்.

நிறையத் தேவைப்படும். அதிலும் நிகழ்தகவு. மற்றதைப் போகிற போக்கில் பிடித்துக்கொள்ளலாம், நிகழ்தகவு தெரியாமல் உட்கார்ந்தால் வகுப்பில் பாதி நேரம் வேறு மொழி கேட்பது போலத்தான் இருக்கும்.

காரணம் எளிது. நெட்வொர்க் என்பது வரிசைகளின் கூட்டம். தகவல் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகிறது. அவற்றுக்கு வழிகாட்டும் ஒவ்வொரு ரவுட்டரின் வாசலிலும் பாக்கெட்டுகள் தம் முறைக்காகக் காத்து நிற்கின்றன. எப்போது எத்தனை வரும் என்று யாருக்கும் தெரியாது. தொலைபேசி இணைப்பகங்களுக்கு இந்தக் கணக்கை 1909இலேயே தொடங்கிவைத்தவர் ஏ.கே. எர்லாங் என்ற டென்மார்க்காரர். இன்றும் தொலைபேசிச் சுமையின் அலகுக்கு அவர் பெயர்தான்.

ஒரு சின்ன உதாரணம். ஒரு பாக்கெட்டை அனுப்பி முடிக்கச் சராசரியாக 1 மில்லி விநாடி ஆகிறது. இணைப்பு பாதி நேரம் வேலையாக இருந்தால், காத்திருப்பும் சேர்த்துப் பாக்கெட்டுக்கு 2 மில்லி விநாடி. 80 சதவீதத்தில் 5. 90இல் 10. 99 சதவீதத்தில் 100! வரத்தும் அனுப்பும் நேரமும் சீரற்றவை என்று கொண்ட மிக எளிய மாதிரி இது. "இணைப்பில் இன்னும் 10 சதவீதம் காலியாகத்தானே இருக்கிறது, ஏன் மெதுவாக இருக்கிறது?" என்று அலுவலகத்தில் யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் மார்க்கோவ் சங்கிலி, நேரியல் இயற்கணிதம், கொஞ்சம் உகப்பாக்கம். இவை போகப் போக வரும்.

கேள்வி: நிறுவனங்கள் தரும் நெட்வொர்க் சான்றிதழ் வைத்திருக்கிறேன். அது உதவுமா?

லேபில் உதவும், தேர்வில் உதவாது. ரவுட்டரில் என்ன கட்டளை கொடுப்பது என்பது சான்றிதழ். அந்தக் கட்டளைக்குப் பின்னால் இருக்கும் அல்காரிதம் ஏன் முடிவில்லாமல் சுற்றாது என்று நிரூபிப்பது முதுநிலை.

கேள்வி: மேடம், லேபில் இரண்டு கணினிகளை 1 கிகாபிட் இணைப்பில் மாட்டி, நடுவில் செயற்கையாக 100 மில்லி விநாடி தாமதம் சேர்க்கச் சொன்னார்கள். கோப்பை அனுப்பினால் 5 மெகாபிட்தான் வருகிறது. கேபிளை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

கேபிளை விட்டுவிடுங்கள், பாவம். 100 மில்லி விநாடி என்பது போய்வரும் நேரம்தானே? அப்படியென்றால், கோப்பைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டி.சி.பி.யின் விண்டோவைப் பாருங்கள். பதில் வராமலே எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவு அது. டி.சி.பி. பாக்கெட்டின் தலைப்பில் அந்த அளவுக்கு 16 பிட் மட்டுமே இடம். ஆக, அதிகபட்சம் 65,535 பைட். அவ்வளவையும் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அனுப்புகிற பக்கம் சும்மா நிற்க வேண்டும். பதில் வர 100 மில்லி விநாடி. விநாடிக்குப் பத்து முறை 65,535 பைட், அதை எட்டால் பெருக்கினால் 5.2 மெகாபிட். உங்கள் எண் அதுதான்.

குழாயை நிரப்ப வேண்டுமென்றால் 1 கிகாபிட்டை 0.1 விநாடியால் பெருக்குங்கள், 12.5 மெகாபைட் எந்நேரமும் வழியில் இருக்க வேண்டும். இதற்காகத்தான் 'விண்டோ ஸ்கேலிங்' என்ற வசதி பிறகு சேர்க்கப்பட்டது. உங்கள் லேப் கணினியில் யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்த உங்கள் ஆசிரியராகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

கேள்வி: ஆய்வேட்டுக்கு சிமுலேஷன் போதுமா, நிஜக் கருவிகள் வேண்டுமா?

சிமுலேஷன் போதும், ஆனால் அதை நம்பத் தெரிய வேண்டும். என் கதையைச் சொல்கிறேன். என்.எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேஷன் மென்பொருளில் ஒரு நெரிசல் கட்டுப்பாட்டு முறையை ஓட்டினேன். பழைய முறையைவிடப் பளிச்சென்று மேலே நின்றது. வரைபடத்தை வண்ணமெல்லாம் கொடுத்து அச்செடுத்து கைடிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை சீட்?" நான் ஓட்டியது ஒரே ஒரு ரேண்டம் சீடில், அதாவது சீரற்ற எண்களை உருவாக்கும் ஒரே ஒரு தொடக்க எண்ணில். திரும்பி வந்து 30 சீடில் ஓட்டினேன். இரண்டு கோடுகளின் பிழை எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. என் முறை எதிலும் மேல் இல்லை. மூன்று மாத உழைப்பு.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சிமுலேஷனை ஓட்டுவதற்கு முன் விடை தோராயமாக எவ்வளவு வரும் என்று தாளில் எழுதிவைப்பேன். எழுத முடியவில்லை என்றால் எனக்கு இன்னும் கேள்வியே புரியவில்லை என்று அர்த்தம். தொடக்கத்தில் வரிசைகள் காலியாக இருக்கும் நேரத்து அளவீடுகளையும் நீக்கிவிடுங்கள். அதை மறந்தால் தாமதம் குறைவாகத் தெரியும், நாமும் சந்தோஷமாக ஏமாறுவோம்.

கேள்வி: எந்த மொழி கற்றுக்கொள்வது?

பைத்தான் கட்டாயம். என்.எஸ்-3 பக்கம் போனால் சி++.

கேள்வி: எல்லோரும் 6ஜி, செயற்கை நுண்ணறிவு என்றே தலைப்பு எடுக்கிறார்கள். நானும் எடுக்கலாமா?

எடுங்கள். ஆனால் "செயற்கை நுண்ணறிவு கொண்டு நெட்வொர்க்கை மேம்படுத்துதல்" என்பது தலைப்பல்ல, விளம்பரப் பலகை. எந்த வரிசை, எந்தத் தாமதம், எதோடு ஒப்பிட்டு என்று சொல்ல முடிகிறதா பாருங்கள்.

பழைய பிரச்சினைகளைப் பழசு என்று தள்ளவும் வேண்டாம். 1986 அக்டோபரில் சுமார் 400 கெஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே, அமெரிக்காவின் பெர்க்லியில், வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எல்லோரும் தொலைந்த பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். அதை ஆராய்ந்து வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய கட்டுரையில் இருந்துதான் இன்றைய நெரிசல் கட்டுப்பாடு கிளை விட்டது. அதே ஜேக்கப்சன் 2012இல் கேத்லீன் நிக்கல்ஸுடன் சேர்ந்து ரவுட்டர் வரிசைகள் தேவையில்லாமல் நீளும் பிரச்சினைக்குத் தீர்வு எழுதினார். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகும் வரிசைதான்.

கேள்வி: எனக்கு 36 வயது. நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் ஷிஃப்ட் வேலை. இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வேலையில் பத்து முறை பார்த்த கோளாறுக்குப் பெயரும் காரணமும் வகுப்பில் கிடைக்கும்போது வரும் சந்தோஷம், நேராகப் படிக்க வரும் இளைஞர்களுக்கு வாய்க்காது. ஆனால் நைட் ஷிஃப்டோடு சேர்த்துப் படிக்காதீர்கள். பகுதிநேரப் படிப்பாக, செமஸ்டருக்கு ஒன்றிரண்டு பாடம் எடுங்கள். நிகழ்தகவை முதலில் முடியுங்கள்.

கேள்வி: சேர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது அக்கா. என்ன படிக்கலாம்?

இணைய நெறிமுறைகளின் மூல ஆவணங்களான ஆர்.எஃப்.சி.க்களில் 768ஆம் எண்ணை எடுங்கள். டி.சி.பி.யைவிட மிக எளிய நெறிமுறையான யு.டி.பி. முழுவதும் அதில் 3 பக்கத்தில் இருக்கிறது, 1980இல் எழுதியது. ஒரு மாலை போதும்.

அப்புறம் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை நிறுவி, உங்கள் கணினியில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது என்ன போகிறது, என்ன வருகிறது என்று பிடித்துப் பாருங்கள். இணைப்பைத் தொடங்கக் கேட்கும் முதல் 'சின்' பாக்கெட்டுக்கும் அதற்கு வரும் 'சின்-ஆக்' பதிலுக்கும் நடுவே எத்தனை மில்லி விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பின்னணியில் சிவப்பெழுத்தாக ஒரு வரி வந்தால் அங்கேயே நில்லுங்கள், பெரும்பாலும் ஏதோ தொலைந்திருக்கும். தொலைந்ததை அனுப்பியவர் எப்படிக் கண்டுபிடித்தார், ஒரே 'ஆக்' (கிடைத்தது என்ற ஒப்புதல்) திரும்பத் திரும்ப வந்ததாலா அல்லது காத்திருந்து நேரம் முடிந்ததாலா என்று தேடுங்கள். பிடிபடவில்லை என்றால் அந்தக் கோப்பை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் உங்கள் கடவுச்சொல் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அனுப்புங்கள்.